இலங்கை வீழ்ந்திருந்தால்: 1942 ஏப்ரலின் நடக்காத வரலாறு

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கைநீட்டித் தொட்டுவிட்டுப் பிடிக்காமல் போன இடம் இலங்கை. 1941 டிசம்பரில் தொடங்கிய பசிபிக் போரில் நான்கே மாதங்களுக்குள் ஹாங்காங், மலாயா, சிங்கப்பூர், ஜாவா, ரங்கூன் என்று வரிசையாக விழுந்தன. சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15இல். ரங்கூன் போனது மார்ச் 8இல். மார்ச் 23 அன்று ஜப்பானியர் அந்தமானில் எதிர்ப்பேதும் இல்லாமல் இறங்கினர். அடுத்தது இலங்கைதான் என்று லண்டனிலும் டெல்லியிலும் கொழும்பிலும் நம்பாதவர்கள் குறைவு. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தன, குண்டு வீசின, போய்விட்டன. படை இறங்கவில்லை. இறங்கியிருந்தால் போரும் போருக்குப் பிந்தைய உலகமும் எப்படி இருந்திருக்கும் என்பது அன்றிலிருந்து கடற்போர் வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் கேள்வி.

இப்படிப்பட்ட கேள்வியை வரலாற்றாசிரியர் எல்லோரும் ஏற்பதில்லை. ஈ. எச். கார் 1961இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்று ஒதுக்கினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மாக்ஸ் வேபர் வேறு விதமாக வாதிட்டிருந்தார்: மாரத்தான் போரில் பாரசீகர் வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்காமல், அந்தப் போர் முக்கியமானது என்று எவரும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய மாற்று வரலாறுகள் பெரும்பாலும் ஹிட்லர் வென்ற உலகத்தையே சுற்றிவருகின்றன. பிலிப் கே. டிக்கின் 1962ஆம் ஆண்டு நாவல் அவற்றில் பெயர்பெற்றது. அவற்றில் கதாசிரியருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. இலங்கையைப் பற்றிய கற்பனைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஜப்பானிடம் எத்தனை கப்பல் இருந்தது, எத்தனை டிவிஷன் மிச்சம் இருந்தது, பருவக்காற்று எப்போது தொடங்கும் என்பதெல்லாம் தெரிந்த விஷயங்கள். அதைவிட முக்கியமாக, ஜப்பான் பிடித்த அக்கம்பக்கத்து இடங்களில் என்ன நடந்தது என்பதும் தெரியும்.

இலங்கையைப் பிடிக்கும் திட்டம் ஜப்பானியக் கடற்படையிடம் உண்மையிலேயே இருந்தது. அட்மிரல் யமமோட்டோவின் கூட்டுக் கடற்படைத் தலைமையகம் 1942இன் தொடக்கத்தில் அதைத் தயாரித்தது. பிப்ரவரி இறுதியில் யமாட்டோ போர்க்கப்பலில் வரைபடத்தின்மீது ஒத்திகையும் பார்க்கப்பட்டது. பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையை வெளியே இழுத்து அழிப்பது, இந்தியப் பெருங்கடலின் நடுவிலிருக்கும் தீவைத் தளமாக்குவது, முடிந்தால் மேற்கே ஜெர்மானியரோடு கைகோப்பது ஆகியவை அதன் நோக்கங்கள். அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று பெர்லினில் கையெழுத்தான ஒப்பந்தம் 70 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை எல்லையாக வைத்துப் போர்க்களத்தை அச்சு நாடுகளுக்குள் பிரித்திருந்தது. கொழும்பு அந்தக் கோட்டுக்குக் கிழக்கே, ஜப்பானின் பங்கில் இருந்தது. ஜெர்மானியக் கடற்படைத் தலைவர் ரேடரும் சூயஸையும் இந்தியப் பெருங்கடலையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர ஹிட்லரிடம் வற்புறுத்திவந்தார். ஹிட்லரின் கவனமோ ரஷ்யாவில் இருந்தது.

திட்டத்தை நிறுத்தியது ஜப்பானியத் தரைப்படை. இலங்கைக்கு இரண்டு டிவிஷன்களாவது வேண்டும். சீனாவில் முடியாத போர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மஞ்சூரியாவில் சோவியத் எல்லையைக் காக்கப் பெரும்படை நின்றது. கடற்படை கேட்கும் ஒவ்வொரு தீவுக்கும் ஆள் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்றது தரைப்படைத் தலைமை. மார்ச் நடுவில் திட்டம் சுருங்கி, விமானந்தாங்கிகளை அனுப்பித் துறைமுகங்களைத் தாக்கிவிட்டுத் திரும்புவது என்று முடிவாயிற்று. எனவே நடந்த வரலாறும் நடக்காத வரலாறும் பிரியும் இடத்தைக் கொழும்பு வானத்தில் தேடுவதைவிட டோக்கியோவின் கூட்ட அறைகளில் தேடுவதே சரி. போர்க்களத்துச் சாகசங்களையே திருப்புமுனையாகக் காட்டும் நூல்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

ஆனாலும் ஏப்ரல் முதல் வாரத்தின் நிகழ்ச்சிகள் விரிவாகப் பார்க்கத் தக்கவை. அட்மிரல் நகுமோவின் படை மார்ச் 26 அன்று செலிபிஸ் தீவிலிருந்து புறப்பட்டது. பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து அதில் இருந்தன: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகு. எதிரே, மார்ச் கடைசியில்தான் பொறுப்பேற்ற அட்மிரல் சோமர்வில்லின் கையில் ஐந்து போர்க்கப்பல்களும் மூன்று விமானந்தாங்கிகளும். எண்ணிக்கை கேட்க நன்றாக இருக்கும். அந்தப் போர்க்கப்பல்களில் நான்கு, புதுப்பிக்கப்படாத முதல் உலகப் போர்க் காலத்துப் பழங்கலங்கள். வேகமும் இல்லை, நீண்ட நாள் கடலில் நிற்கக் குடிநீரும் இல்லை. உளவுத் தகவலின்படி ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வர வேண்டும். சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார், எதிரி வரவில்லை, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் மாலத்தீவின் தென்கோடியில் ஜப்பானியருக்குத் தெரியாத அட்டு பவளத்தீவுத் தளத்துக்குத் திரும்பினார்.

ஏப்ரல் 4 மாலை, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியிலிருந்து பறந்த கேட்டலினா பறக்கும் படகு ஒன்று தென்கிழக்கே கடலில் கப்பல் கூட்டத்தைக் கண்டது. அதை ஓட்டியவர் கனடா விமானப்படையின் லெனார்ட் பர்ச்சல்; அவருடைய படைப்பிரிவு இலங்கைக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இடம், திசை, வேகம் ஆகியவற்றை வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவரும் உயிர்தப்பிய தோழர்களும் போர்முடியும்வரை ஜப்பானில் கைதிகளாக இருந்தனர். எச்சரிக்கை கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை இரவோடிரவாக வெளியேறின.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக, பேர்ல் ஹார்பரில் தலைமை தாங்கிய அதே ஃபுச்சிடாவின் தலைமையில் சுமார் 125 விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தன. தாக்குதல் வரும் என்று முதல்நாளே தெரிந்திருந்தும் இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நின்றபோதே ஜப்பானியர் தலைக்குமேல் வந்துவிட்டனர். நகருக்குள் குதிரைப் பந்தயத் திடலைச் செப்பனிட்டு அமைத்த ஓடுபாதையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து எழுந்த ஹரிக்கேன்கள் அவர்களை மறித்தன. துறைமுகத்தில் டெனடோஸ் நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்ற கப்பலும் மூழ்கின. நகரத்திலும் குண்டுகள் விழுந்தன. அங்கொடை மனநல மருத்துவமனையும் அடிபட்டது. அன்று பிற்பகல் தென்மேற்குக் கடலில் சோமர்வில்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கார்ன்வால், டார்செட்ஷர் என்ற இரு க்ரூஸர்கள் நிமிடக் கணக்கில் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தனர். ஏப்ரல் 9 அன்று திருகோணமலையும் சீனக்குடா விமானத் தளமும் தாக்கப்பட்டன. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான ஹெர்மிஸ், விமானம் ஒன்றுகூட இல்லாத நிலையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. இதே நாள்களில் அட்மிரல் ஒசாவாவின் இன்னொரு படை வங்காள விரிகுடாவில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது; விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியது.

மாற்று வரலாறு எழுதுவோருக்கு இந்த வாரத்தில் பிடித்தமான இடம் ஏப்ரல் 5 இரவு. சோமர்வில்லிடம் அப்போது ஜப்பானியரிடம் இல்லாத ஒன்று இருந்தது: ரேடார் பொருத்திய ஆல்பகோர் விமானங்கள். பார்க்கப் பழைய இரட்டைச் சிறகு விமானம்தான், ஆனால் இருட்டில் கப்பலைத் தேடி டார்பிடோ விடக்கூடியது. பகலில் நகுமோவின் கண்ணில் படாமல் விலகியிருந்து இரவில் அடிப்பதே சோமர்வில்லின் திட்டம். அந்த இரவில் இரு படைகளுக்கும் இடையே விமானம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரமே இருந்தது. தேடிப் போனவை தவறான திசையில் தேடின. கண்டுபிடித்து இரண்டு டார்பிடோ பட்டிருந்தால், மிட்வே கடற்போருக்கு இரண்டு மாதம் முன்பே நகுமோவின் கப்பல்கள் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். மறுபக்கம், பகல் வெளிச்சத்தில் நகுமோ சோமர்வில்லைக் கண்டிருந்தால் அவருடைய விமானந்தாங்கிகளான இண்டாமிட்டபிள், ஃபார்மிடபிள் இரண்டும் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டில் எது நடந்திருந்தாலும் கப்பல் கணக்கு மாறியிருக்குமே தவிர, நகுமோவின் படையோடு ஒரு துருப்புக் கப்பலும் வராதிருந்ததால் தீவு கைமாறியிருக்க முடியாது.

ஆகவே தரைப்படை சம்மதித்திருந்தால் என்ற இடத்திலிருந்துதான் கற்பனையைத் தொடங்க வேண்டும். ஆள் எங்கிருந்து வந்திருக்கும்? டச்சுக்காரர் மார்ச் இரண்டாம் வாரத்தில் ஜாவாவில் சரணடைந்ததும் அந்தப் பகுதியில் போரிட்ட டிவிஷன்கள் கைவசம் ஆயின. அவற்றுள் 2ஆம் டிவிஷனும் 38ஆம் டிவிஷனும் அடங்கும். உண்மை வரலாற்றில் இந்த இரண்டும் அதே ஆண்டு இறுதியில் குவாடல்கனாலுக்கு அனுப்பப்பட்டு அங்கே சிதைந்தன. மாற்று வரலாற்றில் அவை ஏப்ரலில் இலங்கைக்கு வந்திருக்கலாம். எதிர்கொள்ள இலங்கையில் இருந்தது ஆறு மாதத்துக்கு முந்தைய சிறு காவற்படை அல்ல. முழு அதிகாரத்தோடு தலைமைத் தளபதியாக அமர்த்தப்பட்ட அட்மிரல் லேட்டன் தலைமையில் 34ஆம் இந்திய டிவிஷன், கிழக்காப்பிரிக்கப் பிரிகேட் ஒன்று, மத்திய கிழக்கிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் மார்ச்சில் இறக்கப்பட்ட இரண்டு ஆஸ்திரேலியப் பிரிகேடுகள் ஆகியவை இருந்தன. மலாயாவில் தோற்றவர்களைவிட இந்த ஆஸ்திரேலியர் போர்க்களம் கண்டவர்கள். அப்படியிருந்தும் வானமும் கடலும் எதிரியின் கையில் இருக்கும்போது ஒரு தீவைக் காத்துவிட முடியும் என்று 1942இன் அனுபவம் எதுவும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கடற்படை ஏப்ரல் நடுவிலேயே ஒரு பகுதி பம்பாய்க்கும் மற்றொன்று மொம்பாசாவின் கிளிண்டினி துறைமுகத்துக்கும் போய்விட்டது. சில வாரச் சண்டைக்குப் பிறகு கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியர் கையில் விழுந்திருக்கும் என்று கொள்வதே நியாயம். மலைநாட்டில் சண்டை இன்னும் சில மாதம் இழுத்திருக்கக்கூடும்.

பிடிப்பதைவிட வைத்திருப்பது கடினமான வேலை. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கரையோரக் கடலில் திறந்தவெளியில் சரக்கிறக்க முடியாது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை பிரிட்டிஷார் வெளியேறும்போது உருப்படியாக விட்டுவைத்திருப்பார்களா என்பதும் சந்தேகம். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் ஜப்பான் தன் பெருந்தளமான ரபாவுலிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்த குவாடல்கனாலுக்கே சோறு போட முடியாமல் தவித்தது. நவம்பரில் 38ஆம் டிவிஷனை ஏற்றிவந்த பதினொரு கப்பல்களில் பெரும்பாலானவை மூழ்கின, அல்லது கரைதட்டி எரிந்தன. அந்தத் தீவில் இறந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியரில் பட்டினியாலும் மலேரியாவாலும் செத்தவர்கள் ஏராளம். மூன்று மடங்கு தூரத்திலிருக்கும் இலங்கையை ஜப்பானியக் கப்பல்கள் எப்படித் தாங்கியிருக்கும் என்ற கேள்விக்கு நம்பிக்கையூட்டும் பதில் எவரும் சொன்னதில்லை.

சர்ச்சில் பிற்காலத்தில், போரின் மிக ஆபத்தான கணம் ஜப்பானியப் படை இலங்கையை நோக்கி வருவதாகச் செய்தி வந்த கணமே என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மத்தியதரைக் கடல் மூடியிருந்ததால் எகிப்தில் ரோமலை எதிர்த்து நின்ற 8ஆம் படைக்கு ஆளும் ஆயுதமும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோரமாகவே வந்தன. ஜூன் 21இல் டோப்ரூக் வீழ்ந்ததும் ரூஸ்வெல்ட் அனுப்பிய 300 ஷெர்மன் டாங்குகள் செப்டம்பரில் சூயஸ் சேர்ந்த வழியும் அதுதான். அபதான் எண்ணெய், இந்தியாவிலிருந்து போன துருப்புகள், ஈரான் வழியே சோவியத் யூனியனுக்குப் போன சரக்கு எல்லாம் அரபிக்கடலை நம்பியிருந்தன. கொழும்பிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிகளும் க்ரூஸர்களும் இயங்கியிருந்தால் எல் அலமைன் போர் அக்டோபரிலிருந்து தள்ளிப்போயிருக்கலாம். கெய்ரோகூடக் கைமாறியிருக்கலாம் என்போரும் உண்டு. மே 5 அன்று பிரிட்டன் மடகாஸ்கரின் டியகோ சுவாரஸில் அவசரமாகப் படையிறக்கியதே இந்த அச்சத்தால்தான். மாத இறுதியில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கிகள் அங்கே வந்து ராமிலிஸ் போர்க்கப்பலை அடித்ததைப் பார்த்தால், அச்சம் வெறும் மனப்பிரமை இல்லை என்று தெரியும்.

இருந்தும் இந்தக் கற்பனை பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் இறுதி வெற்றி தேடித்தரும் அளவுக்குப் போகாது. கொழும்பிலிருந்து ஆப்பிரிக்கக் கரை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே போகும் கப்பல்களைத் தொடர்ந்து மறிக்க நகுமோவின் விமானந்தாங்கிகளே வேண்டும். அவை இந்தியப் பெருங்கடலில் நின்றால் பசிபிக் திறந்து கிடக்கும். ஏப்ரல் 18 அன்று டூலிட்டிலின் விமானங்கள் டோக்கியோமீது குண்டு வீசியபோது ஜப்பானியத் தலைமை பதறிய பதற்றம் தெரிந்ததே. கொழும்பு தாக்கப்பட்ட அதே ஏப்ரல் 5 அன்றுதான் டோக்கியோவில் கடற்படைத் தலைமையகம் மிட்வே திட்டத்துக்கு இசைந்தது. இலங்கைத் திட்டம் நடந்திருந்தால் மிட்வே தள்ளிப்போயிருக்கும், அல்லது நடந்தே இராது. அமெரிக்காவின் கப்பல் கட்டும் துறைகளோ போர் முடியுமுன் எசெக்ஸ் வகைப் பெரிய விமானந்தாங்கிகள் பதினேழைக் கடலில் இறக்கிவிட்டன. அணுகுண்டுத் திட்டத்துக்கும் கொழும்புக்கும் சம்பந்தம் இல்லை. முடிவு ஓராண்டு தள்ளியிருக்கலாம். வென்றவர் மாறியிருக்க மாட்டார்கள்.

ரப்பரில் மட்டும் உடனடி அடி விழுந்திருக்கும். மலாயாவும் ஜாவாவும் போனபின் நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இலங்கையினுடையது. அதனால்தான் இலங்கைத் தோட்டங்களில் நாள்விட்டு நாள் அளவாகப் பால் வெட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று பட்டையைத் தாறுமாறாகக் கீறிப் பாலெடுத்தார்கள். அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பிக்கொண்டிருந்தபோது இடைப்பட்ட இரண்டாண்டை ஓட்ட உதவியவற்றில் இதுவும் ஒன்று.

இந்தியாவின் பக்கம் திரும்பினால் கற்பனைக்கு அதிகம் வேலை இல்லை. படை இறங்காமலேயே சென்னை நகரம் பாதி காலியாயிற்று. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வருவதாக வந்த பொய்த் தகவலை நம்பி அரசு மக்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது, அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, ரயில்களில் இடமில்லை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று, பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியலிலும் அதே அவசரம். கிரிப்ஸ் தூதுக்குழு டெல்லியில் பேசிக்கொண்டிருந்த நாள்களில்தான் கொழும்பில் குண்டு விழுந்தது. சில நாளில் பேச்சு முறிந்தது. ஏப்ரல் 23 அன்று ராஜாஜியின் தூண்டுதலால் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுத் தேசிய அரசு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எதிரி கரைக்கு வருமுன் மக்களைத் திரட்ட ஒரு சொந்த அரசு வேண்டும் என்பது அவர் வாதம். அகில இந்தியக் காங்கிரஸ் அலகாபாத்தில் அதைப் பெரும்பான்மையால் தள்ளிவிட்டது; ராஜாஜி கட்சியை விட்டு விலகினார்.

காங்கேசன்துறையில் ஜப்பானியக் கொடி பறந்திருந்தால் ராஜாஜியின் குரல் அலகாபாத்தில் அவ்வளவு தனியாக ஒலித்திருக்காது. கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட தூரம் விமானத்துக்குச் சில நிமிடம். ஆனால் லண்டனும் எதிர்த்திசையில் இறுகியிருக்கும்: ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானத்துக்குக் காட்டிய கடுமையை ஏப்ரலிலேயே காட்டியிருக்கும். வங்கக் கரையோரத்தில் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்திய கொள்கை காவிரிப் படுகைக்கும் நீண்டிருக்கும். அந்தக் கொள்கையும் பர்மா அரிசி நின்றதும் சேர்ந்து 1943இல் வங்கத்தில் சுமார் முப்பது லட்சம் உயிர்களைக் குடித்த பஞ்சத்துக்கு வழிசெய்தன. தஞ்சாவூரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது மிகையான கற்பனை இல்லை. சுபாஷ் சந்திர போஸ் அப்போது பெர்லினில் இருந்தார். சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1943 ஜூலையில்தான். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பெருந்திரள். அவர்களுடைய வழி இம்பாலின் மலைக்காடுகளுக்குப் பதிலாகப் பாக் நீரிணையாக இருந்திருக்கும் என்று ஆசையோடு எழுதுவோர் உண்டு. 1942இல் ஜப்பானுக்கு இந்தியாவைப் பிடிக்கும் திட்டமோ அதற்கான படையோ இல்லை என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆக்கிரமிப்பின்கீழ் இலங்கை எப்படி வாழ்ந்திருக்கும் என்பதற்கு ஊகத்தைவிட நல்ல சான்றுகள் உண்டு. அந்தமான் ஒன்று. 1943 டிசம்பர் இறுதியில் போஸ் அங்கே போய்ச் சுதந்திரக் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். அவர் போன ஒரே மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கே இந்திய சுதந்திர லீகின் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங் சிறையில் சித்திரவதையால் இறந்தார். உணவு தீர்ந்த கடைசி மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் கப்பலில் ஏற்றப்பட்டு ஹேவ்லாக் தீவுக்கருகே கடலில் தள்ளப்பட்டனர்.

இன்னொரு சான்று மலாயா. இலங்கை மலைநாட்டைப் போலவே அதுவும் தமிழ்க் கூலிகளால் ஓடிய தோட்ட நாடு. ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனதும் தோட்டங்கள் கிடப்பில் விழுந்தன. காடு வெட்டி மரவள்ளி நட்டு அதைத் தின்றார்கள். வேலையில்லாமல் நின்ற தோட்டத் தமிழர்களைச் சம்பளமும் அரிசியும் தருவதாகச் சொல்லியும், பிறகு கையில் அகப்பட்டவர்களை லாரியில் ஏற்றியும், தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் சொல்லும் அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது காலராவாலும் பசியாலும் செத்த தமிழர் பல்லாயிரம். மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கிடைத்த அற்பக் கவனிப்புகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இலங்கையின் தேயிலையை வாங்கியது பிரிட்டன். ஜப்பானுக்கு அதனால் பயனில்லை. உண்ணும் அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. கொண்டுவரக் கப்பல் இல்லை. அட்டனிலும் பதுளையிலும் லயன்களில் இருந்த லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களின் கதி மலாயாவில் நடந்ததைவிட மேலாக இருந்திருக்க எந்தக் காரணமும் தென்படவில்லை.

சிங்கள அரசியல் பர்மாவின் வழியில் பிளந்திருக்கும். பௌத்தத்தின் பெயரால் பேசுவது ஜப்பானியருக்குப் பழகிய உத்தி. 1943 ஆகஸ்டில் பர்மாவுக்கு பா மாவின் தலைமையில் பெயரளவில் சுதந்திரமும் கொடுத்தார்கள். கொழும்பிலும் அப்படியொரு அரசுக்கு ஆள் கிடைத்திருப்பார்கள். கோக்கஸ் தீவில் 1942 மே 8 அன்று இலங்கைப் பீரங்கிப் படையினர் கலகம் செய்தது, ஆங்கிலேயர்மீது எவ்வளவு வெறுப்பு உள்ளே இருந்தது என்று காட்டியது; அதற்குத் தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். சமசமாஜக் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் கொழும்பில் குண்டு விழுந்த அதே வாரத்தில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார்கள். பிரிட்டனையும் ஜப்பானையும் ஒருசேர எதிர்த்தவர்கள் அவர்கள். ஆக்கிரமிப்பு நேர்ந்திருந்தால் தலைமறைவு எதிர்ப்பின் மையமாகியிருப்பார்கள். அப்போது மந்திரியாக இருந்த டி. எஸ். சேனநாயக்க எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று உறுதியாகச் சொல்வது துணிச்சல்தான்.

போருக்குப் பிந்தைய மாற்றமே ஆழமானது. உண்மையில் இலங்கை தாக்குப்பிடித்ததால் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்ரலில் பேராதனைக்கு வந்தது. போருக்கு ஒத்துழைத்த மந்திரிகளுக்குக் கைம்மாறாக 1943 மே மாதம் தன்னாட்சி உறுதிமொழி கிடைத்தது. சோல்பரி ஆணைக்குழு வந்தது. 1948 பிப்ரவரி 4 அன்று ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் ஆட்சி கைமாறியது. ஒரு மாதம் முன்பு, ஜனவரி 4இல், பர்மாவும் விடுதலை பெற்றது. ஆனால் அதற்குள் ஜப்பானியர் பயிற்றுவித்து உருவாக்கி, பிறகு 1945 மார்ச்சில் ஜப்பானியரையே எதிர்த்துத் திரும்பிய படை ஒன்று அந்த நாட்டில் இருந்தது. ஆங் சானும் சகாக்களும் 1947 ஜூலையில் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். 1948இலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. ஆக்கிரமிக்கப்பட்ட இலங்கை இந்த இரண்டாவது வகையில் சேர்ந்திருக்கும். ஆயுதம் தூக்கிப் பழகிய இளைஞர்கள், ஜப்பானோடு ஒத்துழைத்தவர் யார் என்ற பழிவாங்கல், மீண்டும் வந்த ராணுவ நிர்வாகம் ஆகியவற்றோடு புதிய அரசு தொடங்கியிருக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தச் சட்டத்தின் பின்னணியான தோட்டத் தொழிலாளர் வாக்குப் பலம், ரயில்பாதைக்கும் பஞ்சத்துக்கும் பலியானபின் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே வேறு கேள்வி.

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மாநாட்டில் இலங்கைக்காக ஜே. ஆர். ஜெயவர்தன பேசினார். தங்கள் நாடு படையெடுப்புக்கு ஆளாகவில்லை என்பதை நினைவூட்டிவிட்டு, விமானக் குண்டுவீச்சு, பெரும்படைகள் தங்கியதால் வந்த சேதம், ரப்பர் மரங்களின் அழிவு ஆகியவற்றுக்கு நட்டஈடு கேட்க உரிமை இருந்தும் கேட்கப்போவதில்லை என்றார். பகை பகையால் தணியாது என்ற புத்தரின் வாக்கைத் துணைக்கு அழைத்தார். ஜப்பானில் அந்தப் பேச்சுக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆக்கிரமிப்பை அனுபவித்த நாடுகள் அப்படிப் பேசவில்லை. பிலிப்பைன்ஸ் 800 கோடி டாலர் கேட்டு, 1956இல் 55 கோடிக்கு இறங்கிவந்தது. பௌத்த நாடேயான பர்மா மாநாட்டுக்கே போகாமல் இருந்து, 1954இல் 20 கோடி டாலர் நட்டஈட்டுக்குத் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. 1942 மார்ச்சில் டோக்கியோவில் தரைப்படை இரண்டு டிவிஷன்களைக் கொடுத்திருந்தால் இலங்கையின் பிரதிநிதி பர்மாவுக்குப் பக்கத்தில் நின்று தொகை பேசியிருப்பார்.